பேண்டம் என்றொரு துறைமுகம்

குத்துச்சண்டையில் ஒருவர் பேண்டம் எடைப்பிரிவில் மோதுகிறார் என்றால் அவர் 53.5 கிலோவைத் தாண்டக்கூடாது. அதே பெயரில் யுஎஃப்சி கூண்டுக்குள் நுழைபவருக்கு 61.2 கிலோ வரை அனுமதி உண்டு. தேக்குவாண்டோவில் ஆண்களுக்கான பேண்டம் 63 கிலோ வரை போகும். ஒரே சொல்லுக்குள் கிட்டத்தட்ட பத்து கிலோ இடைவெளி. தொழிற்சாலைத் தராசுகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்க்கும் வேலை எனக்கு. ஒரே பெயருள்ள அளவு மூன்று இடத்தில் மூன்று எண் காட்டினால், அந்தக் கருவியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மூலையில் வைத்துவிடுவோம். விளையாட்டு உலகம் இந்தச் சொல்லை நூறு வருடத்துக்கும் மேலாக அப்படியே புழங்கிக்கொண்டிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தேக்குவாண்டோ ஆடினேன். பயிற்சிக்கூடத்துச் சுவரில் எடைப்பிரிவுப் பட்டியல் ஒட்டியிருக்கும். ஃபின், ஃபிளை, பேண்டம், ஃபெதர் என்று கீழிருந்து மேலே போகும். ஃபிளை என்றால் ஈ, ஃபெதர் என்றால் இறகு. லைட்டும் ஹெவியும் யாருக்கும் விளங்கும். பேண்டம் மட்டும் என்ன? "பேய்டா, மாயாவி" என்றான் கூட ஆடிய நண்பன். தமிழில் எழுதினால் முகமூடி மாயாவிக்கும் இதற்கும் ஒரே எழுத்துத்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. அகராதி அதைக் கோழி என்றது. அதற்கடுத்த வரி, அது ஜாவாவில் ஓர் ஊர் என்றது. எனக்கு அந்த அடுத்த வரிதான் பிடித்தது.

முதலில் கோழி. தெலுக் இந்தானில் இருக்கும் என் மாமா வீட்டுப் பின்புறத்தில் கூண்டு கூண்டாகச் சின்னக் கோழிகள் வளர்க்கிறார். "பேண்டம் கோழின்னா இதுதானா மாமா?" என்று கேட்டேன். "அது வெள்ளக்காரன் வச்ச பேருடா. நாம காத்தேக்னு சொல்லுவோம். இது செராமா, கிளந்தான்லேருந்து வந்தது" என்றார். நல்ல செராமா அரைக் கிலோ கூட இருக்காது. ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, தன்னைவிட நான்கு மடங்கு பெரிய சேவலுக்கு எதிரில் போய் நிற்கும். குத்துச்சண்டைக்காரனுக்கு இந்தப் பெயரை வைத்தவன் இதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆக, மலாய்க்காரர் காத்தேக் என்கிறார், இந்தோனேசியர் காத்தே என்கிறார். கோழியின் சொந்த வட்டாரத்தில் அதற்கு பேண்டம் என்ற பெயர் இல்லை. தூரத்திலிருந்து வந்த ஒன்றுக்கு, அது எந்தக் கப்பலில், எந்தத் துறையிலிருந்து வந்ததோ அந்தப் பெயரை வைத்துவிடுவது பழைய வழக்கம். நம்மூரும் இதற்கு விதிவிலக்கில்லை. வான்கோழிக்கு மலாயில் 'ஆயாம் பெலாண்டா', அதாவது டச்சுக்கோழி. அந்தப் பறவைக்கும் டச்சு நாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. கொண்டுவந்தவன் பெயர் ஒட்டிக்கொண்டது.

பேண்டம் என்று ஆங்கிலேயர் எழுதிய ஊர், பான்டென். ஜாவாவின் வடமேற்கு மூலையில், சுந்தா நீரிணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1596 ஜூனில் கொர்னெலிஸ் டி ஹௌட்மன் தலைமையில் நான்கு டச்சுக் கப்பல்கள் அங்கே நங்கூரம் போட்டபோது சீனர், குஜராத்தியர், அரபிகள், பாரசீகர், வங்காளிகள் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். மிளகுதான் காரணம். 1602 டிசம்பரில் ஜேம்ஸ் லங்காஸ்டர் ஆங்கிலேயக் கப்பல்களோடு வந்தார். அடுத்த வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்கு அங்கே நடக்க ஆரம்பித்தது. எண்பது ஆண்டுகள் நடந்தது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. 1639-ல் கம்பெனிக்கு மதராஸில் இடம் கிடைத்து, அடுத்த ஆண்டு ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கியது. அப்போது அந்தக் கோட்டைக்கு மேலதிகாரம் பான்டென். 1650களில்தான் மதராஸ் தனி நிர்வாகமாக உயர்ந்தது. அதுவரை சோழமண்டலக் கரையிலிருந்த புதுக் கோட்டை, ஜாவாவிலிருந்த கிடங்குக்குக் கணக்கு ஒப்புவிக்கும் கிளை. இன்றைக்குச் சென்னையை ஊர் என்றும் பேண்டத்தைக் கோழி என்றும் நினைக்கிற நமக்கு, அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களைக் கற்பனை செய்வதே கஷ்டம்.

பான்டெனின் நல்ல காலம் சுல்தான் அகெங் தீர்த்தயாசாவோடு முடிந்தது. 1651-ல் பட்டத்துக்கு வந்த அவர் சொந்தக் கப்பல்களை மனிலா முதல் மெக்கா போகும் வழி வரை ஓட்டினார். சோழமண்டலக் கரைக்கும் அவை வந்தன. பத்தாவியாவில் உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. சுல்தானுக்கும் மகனுக்கும் சண்டை மூண்டபோது மகன் டச்சுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டார். 1682-ல் மகன் ஜெயித்தார். அதற்கு விலை, டச்சுக்காரர் தவிர மற்ற ஐரோப்பியர் யாரும் அங்கே வியாபாரம் செய்யக்கூடாது. ஆங்கிலேயர் மூட்டை கட்டிக்கொண்டு, 1685-ல் சுமத்ராவின் மேற்குக் கரையில் பெங்கூலனில் கடை போட்டார்கள். பின்னாளில் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கொடி நாட்டியபோது அவர் வகித்த பதவி பெங்கூலன் ஆளுநர். 1824-ல் அந்தப் பெங்கூலனை டச்சுக்காரருக்குக் கொடுத்துத்தான் ஆங்கிலேயர் மலாக்காவை வாங்கிக்கொண்டார்கள். நம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தின் ஒரு நுனி பான்டெனில் கட்டியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது தேதி. ஆங்கிலத்தில் சின்னக் கோழிக்கு பேண்டம் என்ற பெயர் எழுத்தில் வருவது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அப்போது ஆங்கிலேயர் அந்த ஊரைவிட்டுப் போய் அறுபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. சுல்தானையும் மிளகையும் லண்டன் மறந்துவிட்டது. கோழி மட்டும் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பறவை உண்மையிலேயே பான்டென் இனமா, அங்கே கப்பலேறியது மட்டும்தானா என்பது பெயருக்குத் தேவைப்படவில்லை.

பெயர் சுருங்குவது நமக்குப் புதிதில்லை. அதே பான்டென் கடைத்தெருவில் இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த வணிகர்களுக்குப் பெயர் 'கெலிங்'. கலிங்கம் என்பதிலிருந்து வந்த சொல், மரியாதைக் குறைவே இல்லாதது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மலாக்காவில் கம்போங் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அதே பெயரோடு நிற்கின்றன. அதே சொல்லைப் பள்ளிக்கூடத் திடலில் நம்மைப் பார்த்து எப்படிச் சொல்வார்கள் என்று இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். கப்பல் வைத்திருந்தவனுடைய பெயர், கப்பல் போனபிறகு வசைச்சொல்லாகிறது. பான்டெனுக்கும் கெலிங்குக்கும் நடந்தது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று கோழியானது, ஒன்று கேலியானது.

ஆங்கிலத்தில் பேண்டம் என்ற சொல் கோழியோடும் நிற்கவில்லை. குள்ளமாக இருந்துகொண்டு எகிறுகிறவனுக்கெல்லாம் அதுதான் பெயர். அதில் பாராட்டு பாதி, முதுகில் தட்டுகிற மாதிரியான அலட்சியம் பாதி. முதல் உலகப்போரில் அது அதிகாரப்பூர்வமாகவே நடந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர ஐந்தடி மூன்று அங்குலம் உயரம் வேண்டும். பர்க்கன்ஹெட் நகரத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளி உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டபோது, அந்த அறையில் இருந்த யாரோடு வேண்டுமானாலும் மோதத் தயார் என்று நின்றதாகச் சொல்வார்கள். அவ்வூர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃபிரட் பிக்லண்ட், குட்டையானவர்களுக்கென்று தனிப் படையணி திரட்ட 1914-ல் அனுமதி வாங்கினார். ஐந்தடியிலிருந்து ஐந்தடி மூன்று வரை. சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள். பேண்டம் பட்டாலியன் என்று பெயர் வைத்தார்கள். பலர் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள். அவர்களுடைய உயரக்குறைவில் எத்தனை அங்குலம் பிறவி, எத்தனை அங்குலம் சிறுவயதுச் சோற்றுக் குறைவு என்று யாரும் பிரித்து அளக்கவில்லை.

சரி, குத்துச்சண்டை மேடைக்கு வருவோம். எடைப்பிரிவுகள் ஒரே நாளில் சட்டம்போட்டு வந்தவை அல்ல. முதலில் லைட், மிடல், ஹெவி என்று மூன்று. பிறகு கீழே கீழே சேர்த்துக்கொண்டே போனார்கள். பேண்டம் எல்லை 105 பவுண்டிலிருந்து 116 வரை ஆளுக்கொரு விதமாக ஆடிக்கொண்டிருந்தது. சாம்பியன் எந்த எடையில் வசதியாக இருக்கிறாரோ அதுதான் எல்லை என்கிற அளவுக்கு. 1909-ல் லண்டனில் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவுகளாக வரையறுத்தபோது பேண்டத்துக்கு 118 பவுண்டு என்று நிலைத்தது. அந்த 118 பவுண்டுதான் நம் 53.5 கிலோ. மற்ற விளையாட்டுகள் பெயரை எடுத்துக்கொண்டு எண்ணை விட்டுவிட்டன. முதல் பத்தியிலிருந்த குழப்பத்துக்கு இவ்வளவுதான் விளக்கம்.

ஆனால் இந்தச் சொல்லை நான் தேடத் தேட, எண்ணைவிட ஆட்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் ஆள் ஜார்ஜ் டிக்சன். 1870-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில், ஆஃப்ரிக்வில் என்ற கறுப்பர் குடியிருப்பில் பிறந்தவர். 1890-ல் லண்டன் பெலிக்கன் கிளப்பில் நங்க் வாலஸை வென்று பேண்டம் பட்டத்தை எடுத்தார். குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர் இவர்தான். ஹெவிவெயிட்டில் ஒரு கறுப்பர், ஜாக் ஜான்சன், பட்டத்தைத் தொட 1908 ஆகிவிட்டது. நடுவில் பதினெட்டு வருடம். கறுப்பர்களில் கனமானவர்கள் இல்லாமலா போனார்கள்? ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் எல். சல்லிவன் கறுப்பரோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தவர். உலகத்தின் பலசாலி யார் என்கிற கேள்விக்குப் பதில் வெள்ளையாக இருந்தாக வேண்டும். கோழிக்குஞ்சு எடையில் யார் ஜெயித்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள் போல. அந்த அலட்சியத்தின் வழியாகத்தான் டிக்சன் உள்ளே வந்தார் என்பது என் கணிப்பு.

வந்தபிறகு அவர்களுக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாக இருக்கவில்லை. 1892 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் ஒலிம்பிக் கிளப்பில் அடுத்தடுத்து மூன்று இரவு, மூன்று பட்டச் சண்டைகள். இரண்டாம் இரவு டிக்சனுடையது. அப்போது ஃபெதர் பிரிவுக்கு ஏறியிருந்தார். எதிரில் ஜாக் ஸ்கெல்லி என்ற வெள்ளை இளைஞர். கறுப்பர்களுக்கென்று 700 இருக்கைகள் ஒதுக்க வேண்டும் என்று டிக்சன் தரப்பில் கேட்டு வாங்கியிருந்தார்கள். தெற்கு அமெரிக்க மாநிலங்களில் அந்தக் காலத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத ஏற்பாடு. எட்டாவது சுற்றில் ஸ்கெல்லி விழுந்தார். 700 பேர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். மறுநாள் பத்திரிகைகள், கறுப்பனையும் வெள்ளையனையும் ஒரே மேடையில் ஏற்றியதே தவறு என்று எழுதின. கிளப் அதோடு அப்படிப்பட்ட சண்டைகளை நிறுத்திவிட்டது. மூன்றாம் இரவு அதே மண்டபத்தில் சல்லிவன், ஜிம் கார்பெட்டிடம் தோற்றார். சரித்திரப் புத்தகங்கள் அந்த மூன்றாம் இரவைத்தான் பெரிதாக எழுதுகின்றன. எனக்கு இரண்டாம் இரவு போதும்.

டிக்சன் 1908-ல் நியூயார்க்கில், கையில் காசில்லாமல், குடியால் உடைந்து செத்தார். நிழலோடு குத்திப் பழகும் பயிற்சியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வார்கள். எந்த உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும் கண்ணாடிமுன் யாராவது ஒருவர் அதைச் செய்துகொண்டிருப்பார்.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் பனாமா அல் பிரவுனைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. 1929-ல் பேண்டம் பட்டம் வென்றார். லத்தீன் அமெரிக்காவின் முதல் உலகச் சாம்பியன். அவர் உயரம் கிட்டத்தட்ட ஆறடி! கோழியின் பெயர் குள்ளத்தைப் பற்றியது, தராசு எடையைப் பற்றியது. இரண்டும் ஒன்றில்லை என்று காட்டுவதற்கே பிறந்தவர் போல, கொக்கு மாதிரி நின்று தூரத்திலிருந்தே குத்துவார்.

இந்தப் பட்டம் நம் வட்டாரத்துக்கு வந்த கதையும் உண்டு. 1954 மே 2, பேங்காக். ஆஸ்திரேலியச் சாம்பியன் ஜிம்மி கருதர்ஸ், தாய்லாந்துப் போலீஸ்காரர் சம்ரோன் சோங்கித்ராட். திறந்தவெளி அரங்கில் சுமார் அறுபதாயிரம் பேர். மழை பிடித்துக்கொண்டது. நம்மூர் மழை எப்படியென்று சொல்ல வேண்டாம். மேடைத்துணி குளமாகி, சப்பாத்து வழுக்கியதால் இருவரும் வெறுங்காலோடு ஆடினார்கள். மேலே தொங்கிய விளக்குகள் மழை பட்டு வெடித்து மேடையில் சில்லு சில்லாகக் கொட்டின. கண்ணாடியைக் கூட்டிவிட்டு மறுபடியும் ஆடினார்கள். பன்னிரண்டு சுற்று முடிவில் கருதர்ஸ் புள்ளிகளில் வென்றார், சில நாளில் ஓய்வும் அறிவித்தார். பேண்டம் என்ற பெயர் கடல்தாண்டிப் போன வட்டாரத்திலேயே, சேவல் சண்டை மாதிரி வெறுங்காலோடு, சேற்றில் ஒரு பேண்டம் பட்டச் சண்டை.

ஆனால் இந்தச் சொல்லின் சரித்திரத்தில் எனக்கு முக்கியமான ஆள் லயனல் ரோஸ்தான். விக்டோரியா மாநிலத்தில் ஜாக்சன்ஸ் டிராக் என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தில், நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. 1967 மே 27-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேலானோர் ஆதரித்த பிறகே அது நீங்கியது. ரோஸ் பிறந்து வளர்ந்து சண்டைக்காரராகும் வரை அவருடைய நாட்டின் தலைக்கணக்கில் அவர் ஒரு தலை இல்லை. குத்துச்சண்டைத் தராசு மட்டும் அவரை ஏற்றி நிறுத்திக் கடைசிப் பவுண்டு வரை கணக்கெடுத்தது.

வாக்கெடுப்பு முடிந்து ஒன்பது மாதம். 1968 பிப்ரவரியில் தோக்கியோவில் ஃபைட்டிங் ஹராடாவோடு பதினைந்து சுற்று. ஹராடா லேசுப்பட்டவர் இல்லை. பிரேசிலின் மகத்தான எடர் ஜோஃப்ரேயைத் தன் வாழ்நாளில் இரண்டு முறை தோற்கடித்த ஒரே ஆள். ரோஸுக்கு வயது 19. புள்ளிகளில் வென்றார். உலகப் பட்டம் வென்ற முதல் ஆஸ்திரேலியப் பூர்வகுடியானார். மெல்பர்னுக்குத் திரும்பியபோது தெருவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். அந்த வருடத்தின் சிறந்த ஆஸ்திரேலியர் விருதும் அவருக்கே. பூர்வகுடிகளில் அதையும் முதலில் வாங்கியவர் அவர். தலைக்கணக்கில் சேர்த்துக்கொண்ட அடுத்த வருடமே தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். இதில் எது பெருந்தன்மை, எது குற்ற உணர்ச்சி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. 1969-ல் ரூபன் ஒலிவாரஸிடம் பட்டத்தை இழந்தார்.

2013-க்குத் தாவினால், யுஎஃப்சி முதன்முதலாகப் பெண்களைக் கூண்டுக்குள் விட்டபோது அவர்களுக்குத் திறந்த முதல் பிரிவும் பேண்டம்தான், ரோண்டா ரூசி அதன் சாம்பியன். ஒலிம்பிக்கில் கதை வேறு மாதிரி. பெண்கள் பிரிவுகளுக்கு இடம் வேண்டும் என்று ஆண்களின் பிரிவுகளைக் குறைத்தார்கள். தோக்கியோவில் ஆண்கள் பேண்டம் காணாமல் போனது. 2024 பாரிஸில் அந்தப் பெயர் பெண்கள் 54 கிலோவாகத் திரும்பி வந்தது. சீனாவின் சாங் யுவான் அதில் தங்கம் எடுத்தார், சீனப் பெண்கள் குத்துச்சண்டையின் முதல் ஒலிம்பிக் தங்கம். முதல் முதல் என்று நான் எழுதிக்கொண்டே போவது எனக்கே தெரிகிறது. பட்டியலைப் பார்த்தால் வேறு எப்படி எழுதுவது?

இந்தோனேசியப் பத்திரிகைகளில் இந்தப் பிரிவின் பெயர் 'கெலாஸ் பந்தாம்'. ஆங்கிலத்தில் உருமாறிப்போன பெயரை அப்படியே இறக்குமதி செய்துகொண்டார்கள். மாநிலத்தின் பெயர் பான்டென், எடையின் பெயர் பந்தாம். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சானாலும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாது.

1985 மே 3-ல் ஜகார்த்தாவின் செனாயான் அரங்கில், மாலுக்குவின் சபாருவா தீவைச் சேர்ந்த எலியாஸ் பிக்கால், தென்கொரியாவின் சுன் ஜு டோவை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். சின்ன வயதில் முத்துக் குளித்தவர். இந்தோனேசியாவின் முதல் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன். அவர் வென்ற பிரிவுக்கு ஐபிஎஃப் அமைப்பு வைத்திருந்த பெயர் ஜூனியர் பேண்டம். அந்த அரங்கிலிருந்து பழைய பான்டென், மேற்கே, நேர்கோட்டில் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. சுல்தான்களின் பள்ளிவாசல் அங்கே இன்னும் நிற்கிறது. அரண்மனை, சுவர்களின் அடிப்பாகம் மட்டும்.